ஒழுகும் பானைத் தோட்டம்

காசியம்மாளுக்கு வாயும் நீளம், தோட்டமும் நீளம். ஆரணியில் எங்கள் தறிக்காரத் தெருவின் கோடியில், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடிய சந்து மண்ணில் ஓலைப்பந்தல் போட்டு, கத்திரிக்காய் விளைத்து விற்றுப் பிழைத்தாள். வேறு ஆதாரம் கிடையாது.

1891இல் மழை பொய்த்தது. தெருக்கிணறு அடிமட்டத்துக்குப் போனது. தோட்டத்துக்கு நாளொன்றுக்கு ஒரு குடம்தான் என்று நெசவாளர்களின் தலைவர் எல்லப்பன் சொல்லிவிட்டார். அந்தச் சந்தின்மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண். சேலையின் நீள இழைகளான பாவை நீட்டிச் சரிபார்க்க அதைவிடத் தோதான இடம் ஏது?

"ஆடி பொறக்கறதுக்குள்ள செடி வாடிச்சின்னா பந்தலைப் பிரிச்சிடணும். சம்மதமா?"

"வாடலைன்னா?"

"அப்புறம் உன் சந்து பக்கமே வரமாட்டேன்."

காசியம்மாள் சூளைக்கு ஓடினாள். சரியாக வேகாமல் நீர் கசிகிறதென்று குயவர் ஒதுக்கிய பானைகளை அள்ளி வந்தாள். செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் ஊற்றி, ஓட்டால் மூடினாள். ஒழுகும் பானையில் நீர் ஊற்றுகிறாளே என்று தெருவே சிரித்தது.

"ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தா சரி. ஜல்தி போங்க வேலையைப் பாத்துகினு!" என்று விரட்டினாள்.

கசிந்த ஈரம் நேரே வேருக்குப் போனது. பந்தல் நிழலில் வெயில் அதைத் தொடவில்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளூர உதறல்தான். விடிந்ததும் இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆடி பிறந்த அன்றே எல்லப்பன் ஆட்களோடும் கல்யாணப் புடவைக்கான பட்டுப் பாவோடும் வந்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை! பந்தலைப் பிரிக்கும்வரை பாவைத் தெருவில் நீட்டச் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், கொத்துக் கொத்தாகக் கத்திரிக்காய்! வேடிக்கை பார்க்க நின்ற எனக்குக் கைதட்டிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் வெளியே ஒரே கூச்சல். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், பட்டிழை எம்மாத்திரம்? அந்த அனலில் காய்ந்து பட்பட்டென்று அறுந்தது. இங்கே முடிச்சுப் போட்டால் அங்கே அறுந்தது.

"இன்னாண்ணா பாத்துகினு நிக்கறீங்க? உள்ள கொண்டாங்க!" காசியம்மாளே பாவின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள்.

செடி வரிசைகளுக்கு நடுவே பாவு நீண்டது. பந்தலுக்குள் காற்றே ஈரமாக இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு இழைகூட அறுபடவில்லை!

எல்லப்பன் தொண்டையைச் செருமினார். "காசியம்மா, நாளையிலருந்து ரெண்டு கொடம் எடுத்துக்கோ."

"ஒண்ணே போதும்ணா. பாவு முனை வெயில்ல நீட்டிகினு கீது பாருங்க. ஓலை கொண்டாரச் சொல்லுங்க, பந்தலை இன்னும் இழுத்துப் போடலாம்."

பந்தலைப் பிரிக்க வந்த ஆட்கள் ஓலைக்கு ஓடினார்கள்.