உபவாச ஞாயிறும் ஹெப்பகோடி பிரியாணியும்

மிஷனரி வேலைக்கு வாயும் காலும் இருந்தால் போதும் என்று நம்பித்தான் வந்தேன். வயிறுதான் முக்கியம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் குடும்பம் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபை. இருபது வயதில் பதினெட்டு மாத ஊழியத்துக்கு என்னை பெங்களூருக்கு அனுப்பினார்கள். சட்டையில் கறுப்புப் பெயர்ப் பட்டை, முழங்காலுக்குக் கீழே பாவாடை, பக்கத்தில் எந்நேரமும் ஜோடியாக இன்னொரு மிஷனரி, லீனா. அவள் ராஜமுந்திரிக்காரி. மூலைக்கடைக்குப் போனாலும் இரண்டு பேராகத்தான் போகவேண்டும். யாராவது கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் போவோம். அம்மாவோடு பேச்சு வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை. ஊரை விட்டு வந்து பேயிங் கெஸ்ட் அறையிலும் ஹாஸ்டலிலும் அவதிப்படுகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

காபி வேண்டாம் ஆன்ட்டி

லிங்கராஜபுரத்தில் குடிவந்த அன்றே வீட்டுக்கார ஆன்ட்டி காபி கொண்டுவந்தார். ரிட்டயர்டு டீச்சர். வாசனையே ஆளைத் தூக்கியது. எங்கள் சபையில் காபியும் கிடையாது, டீயும் கிடையாது. "வேணாம் ஆன்ட்டி" என்றேன். "அப்ப டீ?" என்றார். "அதுவும் வேணாம்." வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். போச்சு, முதல் நாளே கெட்ட பேர் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தது சூடான பால். மறுநாள் காலையிலும் வாசலில் இரண்டு டம்ளர் பால், தட்டுப் போட்டு மூடியபடி. அதற்கடுத்த நாளும். நாங்கள் யாரோ எவரோ, அவர் வேறு சபை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அப்படியே அசந்துபோனேன். மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம் ஆன்ட்டி சொன்னது என் காதில் விழுந்தது: "பால் குடிக்கிற பிள்ளைங்களைப் போய் வேலைக்கு அனுப்பியிருக்காங்க பாரு!"

கேட்டுக்கொண்டே தூங்கினவர்

நீலசந்திராவில் முருகேசன் அண்ணன் புதன்கிழமை தவறாமல் எங்களைக் கூப்பிடுவார். பெயின்டர். நான் வேதப் பாடத்தை மணிக்கணக்காகத் தயார் பண்ணிக்கொண்டு போவேன். ஐந்தே நிமிஷம், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதுக்கா கடல் தாண்டி வந்தேன் என்று புத்தகத்தை மூடினேன்.

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். பகல் முழுக்கப் பதினாலாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். புதன்கிழமை மட்டும் வேலை விட்டு வந்ததும் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்காருவாராம், நாங்கள் வருகிறோம் என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஏம்மா நிறுத்திட்டே? உன் குரலைக் கேட்டாத்தான் கயித்துல தொங்கற நெனப்பு போவுது. பேசு."

ஈப்போவில் ஒரு கட்டில்

அண்ணனுக்கு என் குரல் போதும். எனக்குத்தான் அம்மாவின் குரல் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை அம்மா போனைத் திருப்பி என் கட்டிலைக் காட்டினார். புது விரிப்புப் போட்டிருந்தது. அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். "டிக்கெட் போடறேன், வந்துடு" என்றார் அம்மா.

ஊருக்குப் போகிறேன் என்று போய்ச் சொன்னபோது எங்கள் மிஷன் தலைவர் திட்டவில்லை. "முதல் ஞாயிறு உபவாசத்துல கடவுள்கிட்ட கேளு. அப்புறம் போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்" என்றார். மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு வேளை சாப்பிடமாட்டோம், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். நான் பெட்டியை இறக்கி வைத்ததைப் பார்த்து லீனா தன் அரைகுறைத் தமிழில் அலறினாள்: "நீ போனா நான் தனியா கடைக்குக்கூட போக முடியாதே!"

மூடி போட்ட பாத்திரம்

அந்த ஞாயிறு காலை செல்வி அக்காவிடமிருந்து போன். "மட்டன் வாங்கியாச்சு, சீக்கிரம் வாங்க!" எனக்குப் பகீரென்றது. பஸ்ஸில் பழக்கமான அக்கா. ஹெப்பகோடியில் கார்மென்ட்ஸ் டைலர், மாரியம்மன் பக்தை. "உங்க சாமி கதை வேணாம், சாப்பிட மட்டும் வாங்க" என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கூப்பிட்டிருந்தார். தேதியைப் பார்க்காமல் தலையாட்டியவள் நான்தான். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, ஜெபக்கூட்டம் முடிந்ததும் நேரே போய் நின்றோம்.

ஒரே அறை. பிரியாணி வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது. அக்காவுக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான் லீவு. "இன்னிக்கு உபவாசம் அக்கா" என்றேன். "எதுக்கு?" என்றார். ஊருக்குப் போகலாமா, இருக்கலாமா என்று கேட்பதற்கு என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

அக்கா பாத்திரத்தை மூடினார். கையைக் கழுவினார். மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். நீங்களாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யார் வயிறு சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்கமுடியாமல் மூன்று பேரும் சிரித்தோம். எனக்காக இப்படி ஒருத்தி பட்டினி கிடப்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். "பதில் ஒண்ணும் வரலை அக்கா" என்றேன். கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "வரலைன்னா இன்னா? அடுத்த மாசமும் இருந்து கேளு. பிரியாணி நான் செய்யறேன்."

அப்படியே பதினெட்டு மாதம் முடிகிறவரை இருந்து கேட்டேன். பதில் இன்றுவரை வரவில்லை, பிரியாணி மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.