சித்திரைச் சினை

பஹ்மியா ஒதுக்கித் தரும் மீனை வைத்தே இரண்டு வருடமாகக் கணக்கு எழுதியவள் நான். அவளிடமே தோற்றேன். அதுவும் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், அதிகாரிகளுக்கு முன்னால்.

பஹ்மியா மூதூர்க்காரி. விடியற்காலை முதல் பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இக்ராம் முதலாளியின் வாடியில், கருவாடு போடும் கொட்டிலில், சூரை மீன் வெட்டுவாள். கூலி முதலாளி தருவார்; மீன் வயிற்றிலுள்ள சினை முட்டை வெட்டியவளுக்கு. அந்த வாடியின் வழமை அது. சினையை உப்புப் போட்டு விற்றுத்தான் அவள் வீட்டுக் குசினி அடுப்பு புகைந்தது.

நான் லிங்கநகர் ஜெயரூபி. சூரை எந்த மாதம் முட்டையிடுகிறது, எந்த அளவில் முதற் சினை பிடிக்கிறது என்று வயிற்றைப் பார்த்து எழுதுவதற்கு மீன்பிடித் திணைக்களத்தில் சம்பளம் வாங்குகிறவள். முட்டையிடும் இரண்டு மாதமும் வலையைக் கட்டிப்போட்டால்தான் கடலில் குஞ்சு மிஞ்சும். ஒன்பது மணிக்கு வாடிக்குப் போவேன். "மிஸ், இந்தாங்க" என்று பஹ்மியா இருபது மீனை ஒதுக்கித் தருவாள். சித்திரை, வைகாசியில் எல்லாம் வெறும் வயிறு. புரட்டாசியில் கொஞ்சம் சினை. அப்படியே எழுதினேன். அதை வைத்துப் புரட்டாசியும் ஐப்பசியும் வலைக்குத் தடை என்று அதிகாரிகள் கூட்டம் வைத்துச் சொன்னார்கள்.

அந்த மாதங்களில் எப்படியும் தொழில் குறைவு. அதனால் கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோசம். கடலுக்குப் போகிற பஹ்மியாவின் புருசன் றஊப் கைதட்டினான். அப்போதுதான் அவள் பின்வரிசையில் எழும்பினாள்.

"அந்தக் கணக்கு பிழை. சித்திரையிலதான் வயிறு நிறையச் சினை."

எனக்கு வந்ததே கோபம்! "ராத்தா, நான் என்ர கண்ணால பார்த்தனான். நீங்கள் தந்த மீன்தானே!"

"அதுதான் பிழை மிஸ். வயித்த அமத்திப் பார்த்து, சினை உள்ளத நீங்க வர முதலே வெட்டிருவன். சினை எனக்குத்தானே? வெறும் வயித்தத்தான் உங்களுக்கு வெச்சன். புரட்டாசிச் சினை சுருங்கினது, ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. அதால விட்டனான்."

இரண்டு வருடத்தில் ஒருநாளாவது ஆறு மணிக்குப் போனேனா? எப்படி ஒதுக்குகிறாய் என்று கேட்டேனா? வெட்கத்தோடு என் கணக்குக் கொப்பியை மூடினேன்.

றஊப் பாய்ந்தான். "உனக்கென்ன விசரா? சித்திரையிலதானே எங்களுக்கு நல்ல தொழில்!"

"விசரில்ல. முந்தி முழங்கை நீளச் சூரை வெட்டினன். இப்ப ஒரு சாண் வெட்டுறன். மீன் சின்னதாப் போறது வெட்டுறவளுக்குத் தெரியாதா?"

"ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"சித்திரை வருது. மிஸ் ஆறு மணிக்கு வரட்டும். முதல் கத்தி அவ போடட்டும்."

சித்திரையில் ஆறு மணிக்கே போய் முதல் கத்தி போட்டேன். வேலை பிந்துது என்று முதலாளி கத்தினார். சினை கைவிட்டுப் போகுதே என்று வாடியின் மற்றப் பெண்கள் பஹ்மியாவோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அறுத்ததில் நாற்பது பெண் மீன்; முப்பத்துநான்கில் சினை. ஒவ்வொன்றையும் அறுத்து கெடாமல் வைக்கும் மருந்துப் போத்தலில் இட்டேன்; ஒன்றும் விற்க உதவாது. "வடிவா எழுதுங்க" என்று மட்டும் பஹ்மியா சொன்னாள். வைகாசியிலும் அதே கதைதான்.

அடுத்த ஆண்டு தடை சித்திரைக்கும் வைகாசிக்கும் மாறியது. தடையின் இரண்டாம் கிழமை வாடிக்குப் போனேன். தடை வலைக்குத்தான்; தூண்டில் மீன் நாலைந்து வந்தால் அளக்கலாம் என்று நினைத்தேன். கூடை கூடையாகச் சூரை கிடந்தது. களவாக வலை போட்டுக் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, றஊப்.

"வெட்டுங்க, வெட்டுங்க! நாறப் போகுது" என்று முதலாளி அவசரப்படுத்தினார்.

பஹ்மியா ஒரு மீனை எடுத்தாள். பெருவிரலால் வயிற்றை அமத்தினாள். கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"நான் வெட்டமாட்டன்."

மற்றப் பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தியும் கத்தியைத் தொடவில்லை.

றஊப் குரலைத் தணித்தான். "அந்தச் சினை உனக்குத்தானே பஹ்மியா?"

"ஓம், எனக்குத்தான். இத நான் எடுத்தா நாளைக்கும் வலை போடுவீங்க. அதாலதான் வெட்டமாட்டன்."