அப்பன் பங்கு வெங்காயத்தாள்

என் அப்பன் காய்ச்சலில் செத்துப்போனபோது மலாயாவில் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். வெள்ளைக்கார துரைகள் காலம். எனக்கு விவரம் தெரிகிற வயது. தம்பிக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

எங்கள் லயத்து வழக்கப்படி, சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் ஆக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. போனவருக்குப் பிடித்த பண்டத்தைக் கருமாதிப் படையலில் அவருக்கு வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் தொடலாம். இதிலெல்லாம் கண்டிப்பானவள் என் அத்தை, அப்பனுடைய அக்கா. லயத்தின் கடைசி வீடு அவளுடையது.

அம்மா சாப்பிடவில்லை. கொண்டுவந்த தட்டுகளைத் தொடாமல் தள்ளி வைத்தாள். பால் வற்றியது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் டின் பால் வாங்கிக் கரைத்து, துணியில் நனைத்துத் தம்பி வாயில் வைத்தார்கள். கக்கிவிட்டான். முதலில் ஓயாமல் அழுதவன், பிறகு அழுவதையும் குறைத்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

அப்போதுதான் ஆற்றோரம் காய்கறி போட்டிருந்த சீனக் கிழவர் காவடித் தடியில் இரண்டு கூடை தொங்க வந்தார். இரண்டிலும் வெங்காயத்தாள். அப்பன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவரிடம் ஒரு பிடி வாங்கி வருவார். சேதி தெரிந்ததும் பாத்தியையே பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டார். வேரில் மண் காயவில்லை. வாசலில் இறக்கிவிட்டுத் தலை குனிந்து வணங்கினார். பிறகு போய்விட்டார்.

அந்த வெக்கையில் மறுநாளைக்குள் வாடிவிடும். ஆனால் அது அப்பனுக்குப் பிடித்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், சுடுகஞ்சியில் பச்சையாக நறுக்கித் தூவி, உப்புப் போட்டுக் குடிப்பார். வீட்டுக்குள் கொண்டுபோகலாமா என்று பெண்கள் அத்தையைக் கேட்டார்கள். அத்தை யோசித்தாள்.

"அவன் பச்சையாத்தான் தின்பான். வெந்தா அது வேற பண்டம். ஆக்கிக் கொண்டாங்க."

கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி பாசிப்பருப்போடு பிரட்டித் தேங்காய்ப்பூ தூவினாள். ஒருத்தி வெள்ளைத் தண்டை மட்டும் வதக்கிப் புளிக்குழம்பு வைத்தாள். ஒருத்தி பொடியாக அரிந்து அரிசிமாவில் பிசைந்து ரொட்டி தட்டினாள். வாடத் தொடங்கிய நுனிகளைக்கூட எறியாமல், மிளகாய் சுட்டு வைத்துத் துவையல் அரைத்தார்கள். வேர்க்கட்டையைக் கழிவுநீர் வாய்க்கால் ஓரத்தில் ஊன்றினார்கள். இன்றைக்கும் வெங்காயத்தாள் மீந்தால் நான் இப்படித்தான் தீர்க்கிறேன். எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா எதையும் தொடவில்லை.

மறுநாள் இருட்டோடு பெரட்டு மணி அடித்தது. படுத்திருந்த அம்மா பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, அணைந்த அடுப்பைப் பார்த்தாள். அத்தை அதைக் கவனித்தாள். தன் வீட்டுக்குப் போய் ஒரு மங்குக் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். கூடையில் மிஞ்சிக் கிடந்த தாள்களை அரிவாள்மணையில் வைத்துப் பச்சையாக அரிந்து மேலே தூவினாள். சூட்டில் அந்த வாசனை வீடெல்லாம் எழும்பியது.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, இது அவருக்குள்ளது."

"அவன் என் தம்பி. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ குடி, புள்ள."

புளிக்குழம்பு வைத்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள். அவளுக்குத் தாங்கவில்லை.

"நீயே இப்படிச் செய்யலாமாக்கா?"

"நீ வச்ச குழம்ப யாரால வாயில வைக்க முடியுது? அதான்."

அம்மா குடித்தாள். கண்ணீர் கஞ்சியில் விழுந்தது. நிறுத்தாமல் குடித்தாள். அத்தை போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அன்று முழுக்க அம்மா கேட்டுக் கேட்டு அதையேதான் குடித்தாள். பால் உடனே ஊறிவிடவில்லை. தம்பி சப்பிச் சப்பிப் பார்த்து ஓய்ந்துபோவான். அம்மா மறுபடியும் அவனை எடுத்து அணைத்துக்கொள்வாள். அடுத்த நாள் பால் சுரந்தது. பசி அடங்கித் தூங்கியவன், எழுந்ததும் வீறிட்டு அழுதான். லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று அந்த அழுகையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கருமாதி அன்று அத்தைதான் இலை போட்டாள். எல்லாம் வைத்துக் கடைசியில் ஒரு மங்குக் கஞ்சியும் வைத்தாள். அதில் தூவ ஒரு தாள்கூட இல்லை. ஊன்றிய வேர் அப்போதுதான் துளிர்த்திருந்தது. சாவன்றும் ஒருவர் பார்க்கக் கண் கலங்காதவள், இலைக்கு முன்னால் குனிந்து சொன்னாள்.

"உன் பங்க உன் மகன் குடிச்சிட்டான்டா. கோவிச்சுக்காதே."

அதற்குப் பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மாதான் தம்பியை என் மடியில் கிடத்திவிட்டுப் போய் அவளைத் தூக்கினாள்.