முன்னே புறப்பட்ட வழிகாட்டிப் பெட்டி

யார் சொல்லையும் எளிதென்று தள்ளாதிருத்தல் ஓர் அறம். கற்றோர் சொல்லைக் கேட்பது எல்லார்க்கும் கூடும். அதில் கேட்பவனுக்கே ஆதாயம் உண்டு. மனையாள் சொல், தங்கை சொல், அண்டை வீட்டார் சொல், வழியில் எதிர்ப்பட்டவர் சொல் என அனைத்தையும் ஒரே செவியால் ஏற்று, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் வேளையிலும் ஒருவரையும் நோகச் செய்யாமல் நடப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அந்த அறத்தை, அதற்கொரு பெயர் உண்டென்றும் அறியாமல் காத்து வருபவர், மாரண்டஹள்ளியில் தக்காளி பயிரிடும் முனிராஜ்.

காட்டில் எந்தப் பாத்தியில் எந்த நாள் காய் பழுக்கும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை. தார்ச்சாலையில் ஏறிவிட்டால் திசை அவருக்கு வசப்படாது. மூன்று சாலை கூடும் இடத்தில் தம் பழைய ஆம்னி வண்டியை நிறுத்திவிட்டு, மூன்றையும் சமமான மரியாதையோடு பார்த்துக்கொண்டிருப்பார். பாலக்கோட்டு மருத்துவமனைக்கு என்று ஒருவரை ஏற்றிக்கொண்டு போய், நேர் எதிர்த்திசையில் இருக்கும் இராயக்கோட்டையில் இறக்கிவிட்ட கதை ஊரறிந்தது. தெற்குக் கோடியில் காய்கறி ஏற்றும் கொட்டகை வைத்திருக்கும் நஞ்சப்பன் அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

"முனிராசுகிட்ட மட்டும் வழி கேட்டுராதீங்க. கேட்டவனும் சேந்து தொலஞ்சு போவான்."

"அதான் தொணைக்கு ஆளு கெடைக்குதில்ல" என்பார் முனிராஜ்.

இந்தக் குறை தீர, ஓசூரில் பழைய பொருள் விற்கும் கடையொன்றிலிருந்து அவர் வாங்கி வந்ததுதான் கையகலமுள்ள அந்த ஜிபிஎஸ் பெட்டி. கைப்பேசியிலும் வழி காட்டும் என்று பலர் சொன்னார்கள். கைப்பேசிக்கு மண்டியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் வழி மறைந்துவிடும். மலையோரம் போனால் சிக்னலும் மறைந்துவிடும். இந்தப் பெட்டிக்கோ யாரும் அழைப்பதில்லை. சிக்னல் கோபுரமும் தேவையில்லை. வானத்துச் செயற்கைக்கோளை நேரே பார்த்து இடமறிந்துகொள்ளும். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள அதற்கொரு ரப்பர்க் கிண்ணம் உண்டு. வெயில் ஏறினால் கிண்ணம் பிடி விட்டு முனிராஜின் மடியில் விழும். அவர் அதன் விளிம்பைச் சற்றே ஈரமாக்கி மறுபடி ஒட்டுவார்.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. அங்கே அந்தப் பெட்டிக்குள்ளிருந்த பெண்குரல், "இருநூறு மீட்டருக்குப் பின் வலப்புறம் திரும்பவும்" என்று ஒரு சொல்லும் சிதையாத தமிழ் பேசிற்று. அத்தகைய சொல்லுக்கு விடை கூறாமல் இருப்பது முறையாகாது என்று முனிராஜ் கருதினார். ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும், "சரிங்கம்மா" என்றார். புதிதாகப் போட்ட புறவழிச்சாலை பெட்டியின் பழைய வரைபடத்தில் இல்லை. அங்கே வண்டி போகும்போது திரையிலிருந்த அம்பு வெறும் வெளியில் மிதக்கும், குரல் அடங்கிவிடும். "யோசிக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று பின்னால் இருப்பவர்களை அடக்குவார்.

முனிராஜின் மனைவி காசியம்மாள் நாளும் கோளும் பார்ப்பவர். திங்கள், சனியில் கிழக்கே சூலம், செவ்வாய், புதனில் வடக்கே, வெள்ளி, ஞாயிறில் மேற்கே, வியாழனில் தெற்கே. சூலம் உள்ள திசையை நோக்கி அந்த நாளில் அடியெடுத்து வைப்பதில்லை. அவசியமானால் வேறு திசையில் சற்றுத் தொலைவு போய், பிறகு வளைந்து சேர வேண்டும். அவர் காக்கும் இன்னொரு முறை, கிளம்பியவரைப் பின்னின்று அழைக்கலாகாது, வந்த வழியே "திரும்பு" என்று சொல்லலாகாது என்பது. சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும்.

இந்த இரண்டு முறைகளும் அந்தப் பெட்டியும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது, முனிராஜின் தங்கை பானுமதி ஏரியூரிலிருந்து தன் மூத்த மகன் தமிழ்மணியின் காதுகுத்துக்கு அழைத்தபோது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் வர வேண்டும், மடி தர வேண்டும். பிறந்த வீடு உடனிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அன்று வியாழக்கிழமை. ஏரியூரோ தெற்கே. காசியம்மாள் சொன்னபடி வண்டி வடக்கே கிளம்பிற்று. தெரு முனை தாண்டியதும் பெட்டி, "இயன்ற இடத்தில் திரும்பிச் செல்லவும்" என்றது.

"சரிங்கம்மா" என்றார் முனிராஜ்.

"என்ன சரிங்கம்மா? கெளம்பும்போதே திரும்புன்னு சொல்லிருச்சுங்க. வூட்டுக்கு விடுங்க வண்டிய."

வீட்டுக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி வடக்கே கிளம்பினார்கள். பெட்டி மறுபடி அதையே சொல்லிற்று. இப்படியே போய் வந்து, குடத்துத் தண்ணீர் குறைந்ததே தவிரப் பயணம் நீளவில்லை. கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டுக் கிளம்பினார் முனிராஜ். அணைத்ததன் பயனாக, ஏரியூருக்குப் போக வேண்டிய வண்டி ஒகேனக்கல் அருவியின் இரைச்சல் கேட்கும் இடத்தில் போய் நின்றது. அவர் வழி விசாரித்து வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. பென்னாகரத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் மாதவராஜ் மாமன் மடியைத் தந்து, மாமன் மாலையையும் போட்டுக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அதுமுதல் எந்த விசேஷத்தில் கண்டாலும் மாதவராஜ் விடுவதில்லை. "அண்ணா, மடி வேணும்னா முன்னாடியே சொல்லுங்க. தொவச்ச வேட்டி எப்பவும் ரெடியாத்தான் இருக்குது."

முனிராஜும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தமிழ்மணி தம்மைக் கடந்து ஓடி, மாதவராஜின் தோளில் ஏறும்போது மட்டும் அவர் சிரிப்பு சற்றே தயங்கும்.

இந்த ஆண்டு பானுமதி மறுபடி தொலைபேசியில் அழைத்தாள். இளையவள் கவிப்பிரியாவுக்குக் காதுகுத்து. ஏரியூர் மாரியம்மன் கோயிலில். வியாழக்கிழமை, பத்தரை மணிக்குள்.

"அண்ணா, மொதப் புள்ளைக்குத்தான் மடி மாறிப்போச்சு. இவளுக்கும் மாறுனா என் மாமியா வாய என்னால அடைக்க முடியாது. ஒனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்குதான்னு இப்பவே கேக்குறாங்க."

"வந்துர்றம்மா."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க."

முந்தின நாளே போய்விடலாம் என்றால், புதன் மாலை தக்காளிக் கூடைகளை ஏற்றி அனுப்பியாக வேண்டும். பழுத்த காய் யாருக்காகவும் காத்திராது. வியாழன் விடியலிலேயே கிளம்பலாம் என்றால் எமகண்டம்; ஏழரைக்கு மேல்தான் காசியம்மாள் படி தாண்டுவார். நல்லெண்ணெய் ஒரு துளி நாவில் வைத்துக்கொண்டால் வியாழச் சூலம் தாக்காது என்று தெருவில் சிலர் பரிகாரம் சொன்னார்கள். "காதுகுத்துக்குப் போறப்ப சூலத்தோட எதுக்குங்க வம்பு?" என்றார் காசியம்மாள்.

அந்தச் சொல்லையும் தள்ளாமல், தங்கைக்குக் கொடுத்த சொல்லையும் தள்ளாமல், வழி சொல்லும் அம்மையையும் வாயடைக்காமல் போய்ச் சேர்வது எப்படி என்று முனிராஜ் செடிகளுக்கு நடுவே குச்சி கட்டிக்கொண்டே எண்ணினார். எண்ணி எண்ணி, ஒருநாள் நண்பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேட்டார்:

"காசி, பரஸ்தானம்னு ஒண்ணு வெப்பாங்களே. நாள் சரியில்லன்னா பயணத்துக்குண்டான பொருள் ஒண்ண முந்தின நாளே அடுத்த வூட்டுல கொண்டுபோய் வெச்சுட்டா, அப்பவே பயணம் கெளம்புன மாதிரிதான?"

"ஆமாங்க. புதங்கெழம வடக்கேதான் சூலம். தெக்கால வெக்கலாம். எதை வெப்பீங்க, துணிப்பையா?"

"அந்தம்மாவையே வெச்சுருவோம்."

காசியம்மாள் கையிலிருந்த சோற்றுக்கரண்டி அப்படியே நின்றது. பிறகு அவர் நெடுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துச் "சரிதானுங்க" என்றார்.

பண்டை நாளில் மன்னர், குறித்த வேளையில் தாம் படையெடுக்க இயலாதபோது, தம் வெண்குடையையோ வாளையோ நல்ல முழுத்தத்தில் முன்னே புறப்படச் செய்வர். அதை நாட்கோள் என்று நூல்கள் போற்றும். குடையும் வாளும் இல்லாத முனிராஜ், புதன் மாலை தக்காளிக் கூடைகளோடு தம் வழிகாட்டிப் பெட்டியையும் ஏற்றிச் சென்று, கூடைகளை இறக்கிய பின் மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு வெற்றிலையோடு நஞ்சப்பன் கையில் கொடுத்தார். வண்டியும் அங்கேயே நின்றது.

"ஏம்பா, நடுவுல இது எதாச்சும் பேசுமா?" என்றார் நஞ்சப்பன்.

"அணைச்சு வெச்சிருக்கேன்."

"தப்பித் தவறிப் பேசுனா?"

"சரிங்கம்மான்னு சொல்லு. அதுக்கு மேல எதிர்பார்க்காது."

வியாழன் காலை எமகண்டம் கழிந்ததும், சீர்த்தட்டுகளை ஏந்திக் கணவனும் மனைவியும் கொட்டகைக்கு நடந்தார்கள். பயணம் நேற்றே தொடங்கிவிட்டதால் சூலத்துக்கு அவர்கள்மேல் உரிமையில்லை. பெட்டி கண்ணாடியில் ஒட்டப்பட்டது, உயிர் பெற்றது, பாலக்கோட்டுச் சாலையைப் பார்த்தவாறே, "நேராகச் செல்லவும்" என்றது.

"கேட்டியா?" என்றார் முனிராஜ்.

"கேட்டேன், கேட்டேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பாலக்கோடு கடந்தது, பாப்பாரப்பட்டியும் கடந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் "சரிங்கம்மா" ஒலித்தது. பென்னாகரத்துக்கு முன்னதாக ஓரிடத்தில் சிறுபாலம் கட்டுவதற்காகச் சாலையை வெட்டிப்போட்டிருந்தார்கள். சிவப்புக் கொடி பிடித்திருந்தவர், இடப்புறத்து மண்சாலையில் போகுமாறு கை காட்டினார். அவர் சொல்லையும் தட்டாமல் முனிராஜ் இறங்கினார். உடனே பெட்டி, "இயன்ற இடத்தில் திரும்பிச் செல்லவும்" என்றது. சோளக்காட்டைத் தாண்டுமுன் இன்னொரு முறை சொல்லிற்று.

"வண்டிய நிறுத்துங்க" என்றார் காசியம்மாள்.

வண்டி நின்றது. திரையின் மூலையில் மணி ஒன்பதரை. மாரண்டஹள்ளிக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டு வருவதென்றால், கவிப்பிரியாவும் மாதவராஜின் மடிக்கே போய்விடுவாள். போகலாம் என்று ஒரு சொல் அதட்டிச் சொல்லியிருக்கலாம். இல்லற வாழ்வில் அப்படியொரு சொல்லை அவர் சொல்லிப் பழகியதில்லை.

"என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு, காசி."

காசியம்மாள் பெட்டியை உற்றுப் பார்த்தார். அவர் வகுத்த முறையை அவரே வழக்காடித் தீர்க்க வேண்டியிருந்தது.

"ஏங்க, நேத்துக் கெளம்புனது யாரு?"

"அந்தம்மாதான்."

"அப்ப சகுனம் அதுக்குத்தானுங்க. நமக்கு இல்ல. தண்ணி குடிக்க வேண்டியதும் அதுதான்."

"அதுக்கும் வூட்டுக்குப் போவணுமே."

"அதுக்கு எது வூடு? இந்தக் கண்ணாடிதான். வூட்டுலதான உக்காந்திருக்குது."

சொன்னவர், சீர்த்தட்டுக்கிடையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். பயபக்தியோடு அதைப் பெட்டியின் முன் காட்டி, விரல் நுனியை நனைத்து ரப்பர்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஒற்றினார். "குடிச்சுட்டு நல்லபடியாக் கெளம்பும்மா" என்றார்.

வண்டி நகர்ந்தது. மண்சாலை ஒரு புளியமரத்தடியில் பிரிந்தது. பெட்டி, தன் கணக்கையெல்லாம் புதிதாகப் போட்டு முடித்து, "வலப்புறம் திரும்பவும்" என்றது.

"பாத்தீங்களா, தண்ணி உள்ள போனதும் தெளிஞ்சிருச்சு."

"சரிங்கம்மா" என்றார் முனிராஜ். பெட்டிக்குச் சொன்னாரா, மனைவிக்குச் சொன்னாரா என்பதைக் காசியம்மாள் கேட்கவில்லை.

ஏரியூர்க் கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். பானுமதி வாசலுக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பாயில் மாதவராஜ் துவைத்த வேட்டியோடு சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். ஆம்னியின் ஓசை கேட்டதும் பானுமதி நின்ற இடத்திலேயே கண் துடைத்துக்கொண்டாள். மாதவராஜ் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"வாங்கண்ணா. ஒங்களுக்காகத்தான் பாய சூடு பண்ணி வெச்சிருந்தேன்."

"அப்படியே பக்கத்துல உக்காருடா. புள்ள ஒதச்சா ரெண்டு மாமனும் தாங்குவோம்."

கவிப்பிரியா முனிராஜின் மடியில் உட்கார்ந்தாள். ஊசி காதில் பட்டதும் கோயிலதிர அழுது, இரு மாமன்களையும் பாகுபாடில்லாமல் உதைத்தாள். இரு காதிலும் தோடு மின்னிய பின், இனிப்புக் கட்டியைக் கடித்தபடி மாமன் மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்தாள். இறக்கிவிடப் பார்த்தபோது இறங்க மறுத்தாள். பானுமதியின் மாமியார் அருகே வந்து பார்த்து, "மாமன் மடி புடிச்சுப்போச்சு போல" என்றார். பானுமதி அண்ணனை நோக்கினாள். முனிராஜ் கால் மரத்துப்போன நிலையிலும் அசையாமல் அமர்ந்திருந்தார்.

அவர் மனை விளக்கு என்றும் சுடர்க. அவர் காட்டுத் தக்காளி கொத்துக்கொத்தாய்ப் பழுக்க. பழுத்தவை வாடுமுன் விலை போகுக. காசியம்மாள் குறித்த வேளையெல்லாம் நல்வேளை ஆகுக. அங்கே பிறந்த மகள் வந்து போகும் வாயில் அடையாதிருக்க. அவ்வீட்டிலிருந்து புறப்படுவோர் எத்திசை செல்லினும், திசைகள் எட்டையும் ஆளும் இறைவன் அருளால் இனிதே சென்று, இனிதே இல்லம் சேர்க.