பேய்வீட்டில் கெட்டிமேளம்

எங்கள் முதலாளி விடுமுறைக்கு அமெரிக்கா போய்த் திரும்பியபோது ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டையும் ஹாலோவீன் என்ற சொல்லையும் கொண்டுவந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிற்சர்லாந்தில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. லாங்கன்தாலிலிருந்து ரயிலில் சிறிது தூரம் போய், சோள வயல்களுக்கு நடுவே நடந்தால் வரும் சின்னக் கேளிக்கைப் பூங்கா அவருடையது. குதிரை ராட்டினம், வாத்துப் படகு, குட்டி ரயில், தண்டவாளத்தில் பெட்டி ஓடும் ஒரு பேய்வீடு. ஒக்டோபர் கடைசியில் குளிர் தொடங்கப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டுவதற்கு முந்திய இரண்டு கிழமையும் ஈ ஓட்டுகிற காலம். அந்த இரண்டு கிழமையைத்தான் அவர் பேய்களிடம் ஒப்படைத்தார்.

நான் அங்கே தண்டவாளத்துக்குக் கிரீஸ் பூசினேன், பல்பு மாற்றினேன். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். என் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை பௌதிகத்துக்கு அந்த நாட்டில் வேறு வேலை இருக்கவில்லை. என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் அதே பூங்காவில் சோளப்பொரி விற்றார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னை மாஸ்டர் என்று கூப்பிட அந்த நாட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆள்.

முதல் சனிக்கிழமை பேய்விழா படுத்துவிட்டது. வாசலில் கண்ணும் பல்லும் வெட்டி வைத்திருந்த பூசணிக்காய்களைக் காட்டி, இது சூப்புக்கு உதவுமா, வெட்டாதது இருக்கிறதா என்று பெண்கள் விசாரித்தார்கள். பேய்வீட்டுக்குள் தேவாலய ஓர்கன் இசை போட்டிருந்தோம். அமெரிக்கர்களுக்கு அது பயங்கரமாக இருந்திருக்கலாம். எங்கள் வாடிக்கையாளர்கள் ஞாயிறுதோறும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள். ஒரு கிழவர் வெளியே வந்து, ஓர்கன் வாசிக்கிறவர் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கள் பௌதிக ஆசிரியர் இல்லையா? சத்தம் உங்கள் பாடம்தானே?"

அவர் வாயிலிருந்து ஆசிரியர் என்ற சொல் வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கையில் கிரீஸ் டப்பாவோடு நின்றே ஒரு விரிவுரை செய்தேன். பயம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது என்றேன். சாந்தில் செய்த எலும்புக்கூட்டைக் கண் உடனே கண்டுபிடித்துச் சிரித்துவிடும். ஆகவே வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். தரையில் ஈர வைக்கோல் போட வேண்டும். அந்த மணமே மனிதனை அரைவாசி பயப்படுத்திவிடும். பின்கதவைத் திறந்துவிட்டால் குளிர் சும்மா வரும். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கக் கூடாது. தண்ணீர் சொட்டுவது மட்டும். காது தானாகவே எதையோ தேடத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து, அவர்கள் காது பெயர் சொல்லத் தெரியாத ஒரு சத்தம் வெடிக்க வேண்டும்.

"என்ன சத்தம்?" என்றார் முதலாளி.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் அறைக்குக் கீழ்வீட்டில் குடியிருந்த சுவிஸ் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

என் நண்பரிடம் ஒரு கசெற் இருந்தது. அந்த வருடம் ஊரில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. ஊருக்குப் போனால் அகதி விண்ணப்பம் போச்சு. ஆகவே அவர் போகவில்லை. யாரோ இரவல் கொடுத்த கசெற் ரேடியோவை மணவறைக்குப் பக்கத்தில் வைத்துக் கல்யாணத்தைப் பதிந்து, கொழும்பால் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். வேறு பிரதி இல்லை. படங்கள் வந்து சேரவும் இல்லை. தங்கையின் கல்யாணம் என்று அவருக்குக் கிடைத்தது அந்தக் கசெற் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டபின் அதைப் போடுவார். ஐயர் மந்திரம் சொல்வார், குழந்தைகள் அழும், யாரோ யாரையோ கதிரை எடுத்துவரச் சொல்வார்கள். நாதஸ்வரம் மெல்ல ஏறும். திடீரென்று ஐயரின் குரல் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று அவசரப்படுத்தும். தவிலும் நாதஸ்வரமும் ஒருமிக்கப் பாயும். அந்த இடத்தில் நண்பர் எழுந்து நிற்பார்.

"இருந்துகொண்டு கேட்டா மேளம் கேக்காதோ ஐசே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தங்கச்சிக்குத் தாலி கட்டுறாங்கள் மாஸ்டர். தோழன் எண்டு நான் பக்கத்திலை நிண்டிருக்க வேணும். இஞ்சையாவது நிக்கிறன்."

பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பதும், பொரியிடும்போது தங்கையின் கையில் நெற்பொரி போடுவதும் எங்கள் வழக்கம். அந்த வேலைகளை ஊரில் சித்தப்பாவின் மகன் செய்தானாம்.

முதல் ஞாயிறு மேளம் வெடித்தபோது கீழ்வீட்டு அம்மா வெளிறிய முகத்தோடு படியேறி வந்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். அடுத்த ஞாயிறிலிருந்து படியேறும் சிரமத்தை விட்டுவிட்டுத் தரை கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை, அதாவது எங்கள் தரையை, இடித்தார். நாதஸ்வரம் ஏறத் தொடங்கியதுமே தும்புத்தடியைத் தேடிப் போவார்போலும். மேளமும் இடியும் எப்போதும் ஒன்றாகவே கேட்கும்.

முதலாளி கேட்ட அன்றே, நண்பர் பொரி விற்கப் போயிருந்த நேரம் அறையிலிருந்து கசெற்றை எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. முதலில் பிரதிதான் எடுத்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஆனால் பிரதியில் மேளம் பெட்டிக்குள் அடைத்த பூனைபோலக் கத்தியது. பேய்வீட்டுக் கருவி ஒரு துண்டு நாடாவை வட்டமாக ஒட்டி ஓடவிடுவது. பெட்டி வளைவுக்கு வந்ததும் நாடா ஒரு சுற்று ஓடி நிற்கும். அதே நேரம் எலும்புக்கூடு எழும்பும். முதலாளி கதவடியில் நின்று, ஆயத்தமா, ஆயத்தமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சவர அலகால் அசல் நாடாவையே வெட்டி, தண்ணீர் சொட்டும் நாடாவோடு ஒட்டினேன். பூனைக் குரல் பிரதியை அழித்து, அதன்மேல் வாசலுக்கான காற்றுச் சத்தம் பதிந்தேன். விழா முடிந்தபின் மேளத்தைத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டுக் காட்டியபோது முதலாளி ஓரடி பின்னால் போனார்.

"இதை உங்கள் நாட்டில் எதற்கு வாசிப்பார்கள்?"

"கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாமல் இருப்பதற்கு" என்றேன். அது பொய்யில்லை. எந்தச் சடங்கின்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளே வாசல் பலகையில் 'கீழைத்தேயச் சாத்தான் மேளம்' என்று சிவப்பில் எழுதி ஒட்டினார். எனக்கு அதை வாசிக்க ஜெர்மன் தெரியும். வாசித்துவிட்டுப் பல்பு மாற்றப் போனேன்.

முந்திய நாள் ஞாயிறு பூங்காவில் வேலை இருந்ததால், நான் நாடாவை வெட்டிய திங்கள் மாலையே நண்பர் கசெற்றைப் போட்டார். நாதஸ்வரம் ஏறியது, ஐயர் கெட்டிமேளம் என்றார், உடனே சனம் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிக் கதைத்தது.

"கசெற் ரேப் சிக்கிப்போச்சு ஐசே" என்றேன். "நான்தான் கொஞ்சம் போட்டுக் கேட்டன். மிஷின் திண்டிட்டுது."

கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிக்கின துண்டு எங்கை மாஸ்டர்?"

"குப்பையிலை போட்டுட்டன்."

அவர் இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கை கழுவிவிட்டு, "இண்டைக்குக் குப்பை எடுத்திட்டாங்கள் போல" என்றார். நான் "ஓம்" என்றேன்.

பேய்வீடு பிய்த்துக்கொண்டு ஓடியது. மாலையில் மங்கத் தொடங்கியதும் வரிசை வாத்துக் குளம்வரை நீளும். உள்ளே மேளம் வெடிக்க, பெண்கள் வீரிட, வெளியே நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வங்கி ஊழியர் போன்ற ஒருவர் வியர்த்து வெளியே வந்து, மறுபடி போய் வரிசையில் நின்றார். முதலாளி என்னை எல்லோருக்கும் 'எங்கள் இசை இயக்குநர்' என்று அறிமுகப்படுத்தினார். நான் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கைகொடுத்தேன். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதவி. அனுபவித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை லாங்கன்தாலிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பேய்வீட்டுக்குள் போன எல்லோரும் அலறிக்கொண்டு வர, அந்த வீட்டு அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தார். நேரே சோளப்பொரிக் கடைக்குப் போய், "தம்பி, உள்ளுக்கை ஆருக்குக் கலியாணம்? மாப்பிள்ளை எலும்பும் தோலுமாய் எழும்பி நிக்கிறார். நல்லாச் சாப்பாடு போடுங்கோ" என்றார்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"தாலி கட்டு மேளமெல்லோ போகுது! நான் அந்தரத்திலை கையெடுத்துக் கும்பிட்டுட்டன். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பாள்."

நான் பக்கத்தில் குட்டி ரயிலுக்குக் கீழே கிடந்தேன். நண்பர் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பேய்வீட்டுக்குப் போவதைச் சக்கரங்களுக்கிடையால் பார்த்தேன். மேளம் கேட்டது. அவர் வெளியே வந்தார். திரும்பப் பெட்டியில் ஏறினார். மேளம் கேட்டது. பிறகு கடைக்கு வந்து, காத்து நின்ற பிள்ளைகளுக்குப் பொரி அள்ளிக் கொடுத்தார். அன்று மாலையும் மறுநாள் காலையும் என்னோடு வழக்கம்போலத்தான் கதைத்தார். நான் என்ன சொல்வது என்று ஆயத்தப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று.

பேய்வீட்டுக்குள் வெள்ளைத் துணி போர்த்து நிற்கச் சில ஆட்களையும் வைத்திருந்தோம்; அந்த ஞாயிறு அந்தப் பேய்களில் ஒருவன் வேலையை விட்டான். மாணவன்; மேளத்துக்குப் பக்கத்தில் நின்று தலை பிளக்கிறது என்றான். நண்பர் முதலாளியிடம் போய், தான் பேயாக நிற்கிறேன் என்றார்.

"பொரி விக்கிறது அலுத்துப்போச்சோ?" என்று நான் கேட்டேன்.

"பேயா நிண்டு பாப்பம் மாஸ்டர். நீங்கள் இயக்குநர் எல்லோ. ஆளைப் பாத்துச் சொல்லுங்கோ."

இரண்டு நாளில் முதலாளி என்னிடம் முறையிட்டார். உங்கள் நண்பர் நான் கண்ட பேய்களிலேயே மோசமான பேய். கத்துவதில்லை, பாய்வதில்லை, ஒருவரையும் தொடுவதில்லை. வெள்ளைத் துணியைப் போர்த்துக்கொண்டு எலும்புக்கூட்டின் பக்கத்தில் நேராக நிற்கிறார். அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாளில் அவரே மனம் மாறினார். சும்மா நிற்கும் அந்தப் பேய்தான் எல்லாவற்றிலும் பயங்கரம் என்று சனம் சொல்கிறதாம். அதற்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லையாம்.

வளைவில் வைக்கோலுக்குள் ஏதோ கிடந்து பெட்டி தட்டுகிறது என்று என்னை அனுப்பினார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். தண்டவாளமெல்லாம் சோளப்பொரி. குனிந்து கூட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த பெட்டி வந்தது. சொட்டுச் சத்தம் நின்றது. மேளம் எழுந்தது. முன்பு போல இல்லை. நாடா தேய்ந்து, தவில் மெலிந்து, நாதஸ்வரம் சளி பிடித்ததுபோல் இருந்தது. எலும்புக்கூடு எழும்ப, வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வந்து, பொரியை அதன் தலையில் தூவியது. பெட்டியிலிருந்த இரண்டு பேரும் அலறினார்கள்.

பெட்டி போனபின் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சிக்கின ரேப் நல்லாத்தான் பாடுது மாஸ்டர்."

நான் டோர்ச்சை அணைத்தேன். "நான்தான் வெட்டினனான்" என்றேன்.

"தெரியும். குப்பைக்குள்ளை என்னைத் தேட விட்டிட்டு மேலை நிண்டு பாத்தனீங்கள், அதுவும் தெரியும்."

"கேட்டிருந்தாத் தந்திருப்பீரோ?"

"தந்திருக்க மாட்டன். ஆனா நீங்கள் கேட்டிருக்க வேணும்."

"இப்பவே கழட்டித் தாறன்."

"வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தினை தரம் தாலி கட்டுறாங்கள் எண்டு தெரியுமோ? நான் ஒண்டையும் விடேல்லை. பெட்டி வருகுது, தள்ளி நில்லுங்கோ."

அன்றே நான் வலுக்கட்டாயமாகக் கழற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் நாடாவைச் சுரண்டுகிறது என்பது, அந்தப் பூங்காவில், எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாம் தரமும் அவர் முன்னால் குற்றவாளியாக நிற்க வேண்டும் என்று பயந்தேன். இயக்குநர் பதவிக்கும் ஆசைப்பட்டேன். இரண்டில் எது கூடுதல் என்று இத்தனை வயதிலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதலாளி சத்தம் குறைகிறது என்றபோதெல்லாம் நான் ஒலிபெருக்கியின் குமிழைக் கூட்டிவிட்டேன்.

கடைசி நாள் குமிழைக் கூட்ட இடமில்லை. சொட்டுச் சத்தத்துக்குப் பிறகு வெறும் இரைச்சல்தான் வந்தது, மழை பெய்வதுபோல. அப்போதும் எலும்புக்கூடு எழும்பியது; பேய் பொரி தூவியது. அன்றுதான் உண்மையாகவே பயந்தோம் என்று சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி என் தோளில் தட்டி, அடுத்த வருடம் சத்தமே இல்லாமல் செய்வோம் என்றார்.

பூங்கா பூட்டிய அடுத்த ஞாயிறு, அந்தத் துண்டைக் கசெற்றில் அதன் இடத்திலேயே ஒட்டிக் கொடுத்தேன். இனி இதில் ஒன்றும் இருக்காது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். குமிழைக் கூட்டியதையும் சொன்னேன். அவர் உடுப்புகளைக் கொடியில் போட்டு முடித்துவிட்டு வந்து கசெற்றைப் போட்டார்.

குழந்தைகள் அழுதன. கதிரை கேட்டார்கள். நாதஸ்வரம் மெல்ல ஏறியது. ஐயர் கெட்டிமேளம் என்றார். பிறகு இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள், சரியாக அந்த இடத்தில், கீழிருந்து தும்புத்தடி இடித்தது. டொக், டொக், டொக். ஒரு மேளமும் இல்லை என்பதைக் கவனிக்காமல், பழைய கோபத்தோடு, விடாமல் இடித்தார் அந்த அம்மா.

நண்பர் எழுந்து நின்றிருந்தார். நான் கட்டிலில் தலை குனிந்து இருந்தேன்.

"கெட்டிமேளம் மாஸ்டர்" என்றார். "எழும்புங்கோ."

எழும்பினேன்.