உயர்ந்த கொழுப்பு

அலுவலகத்தில் நான் திருப்பி அனுப்பிய மனுக்களை அடுக்கினால் ஓர் அறை நிறையும். ஒன்றில் தேதி இருக்காது, ஒன்றில் தகப்பனார் பெயருக்கு முன்னெழுத்து இருக்காது. எதையும் ஆத்திரத்தில் திருப்பியதில்லை. சிவப்பு மையில், முத்து முத்தான எழுத்தில், காரணம் காட்டித்தான் திருப்புவேன். இப்படி ஊழியம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவனுக்கு வெட்கப்பட எவ்வளவோ இருக்கும் என்று நினைப்பீர்கள். அவற்றில் எதற்கும் எனக்கு வெட்கமில்லை. இன்றும் என்னைத் தலைகுனிய வைப்பது மஞ்சள் தாளில் அச்சடித்த இரண்டு வரிகள். ஒரு சோப்புக் கட்டியைச் சுற்றிய தாள் அது.

சோப்பு என் அக்காவுடையது. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் ஒரு கட்டளை உண்டு, வருடத்தில் ஒருநாள் பூஜையும் பந்தியும் எங்கள் பொறுப்பு. கட்டளைக்கு ஆதாரமான வயல்கள் கைவிட்டுப் போய், கௌரவம் மட்டும் மிஞ்சியிருந்த காலம். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி மாதர் சங்கத்தில் தையல், சோப்பு, மெழுகுவர்த்தி மூன்றும் கற்றுக்கொடுத்தார்கள். தையலுக்கு மெஷின் வேண்டும், மற்ற இரண்டுக்கும் சட்டி போதும் என்று சொல்லி, அக்கா சட்டியைத் தேர்ந்தெடுத்தாள்.

முதல் நாளே காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிடுவாள். மறுநாள் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, அந்தக் காரநீரை நூல் போல ஊற்றிக்கொண்டே ஒரே பக்கமாகக் கிண்டுவாள். கூழ்ப் பதம் வந்ததும் வாசனைக்குச் செங்கோட்டையிலிருந்து வாங்கிவந்த புல்தைலத்தில் சில சொட்டு விட்டு மரத்தட்டில் கொட்டிவிடுவாள். இறுகியதும் கம்பியால் அறுத்து ஒரு மாதம் காற்றாட அடுக்கிவைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு பரீட்சை. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். காரம் மிஞ்சியிருந்தால் சுரீரென்று கடிக்கும்.

இந்த நாக்குப் பரீட்சைதான் அவளுடைய வியாபாரம் முழுவதும். சோப்பில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பலமாக இருந்தது. பல வீடுகளில் சோப்பு வாசலைத் தாண்டாது. சீயக்காயும் பாசிப்பயற்று மாவும்தான். சோப்பு வாங்க வருகிற பெண்கள் வாசனையைக் கேட்கமாட்டார்கள், விலையைக் கேட்கமாட்டார்கள், "சைவம்தானா?" என்றுதான் கேட்பார்கள். அக்கா ஒரு மூலையைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொள்வாள். பிறகு சொல்வாள்: "கொழுப்பா இருந்தா நான் நாக்குல வைப்பனா ஆச்சி?" கேட்டவள் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போவாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இண்டர்மீடியட்டில் ரசாயனம் படித்தவன், அரசாங்க உத்தியோகஸ்தன். என் அக்கா நாலுபேர் பார்க்கச் சோப்பை நக்குகிறாள் என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து, இனிமேல் அதை நிறுத்தவேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

அந்த வருடம்தான் குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், துண்டு, சீயக்காய் விற்கும் ஒரு கடைக்கார அண்ணாச்சி, சீசன் முழுவதும் அவள் சோப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, காகிதம் சுற்றி லேபிள் ஒட்டித் தரவேண்டும். அக்கா சித்திரையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். சாரல் ஆரம்பித்தால் சோப்புக் காயாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குக் காலியாக இருந்தது. ஒருநாள் கட்டிகளை அறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த சீசன் ஓடிட்டுன்னா பின்னால ரூம எடுத்துக்கிட்டு நான் தனியா அடுப்பு வச்சிக்கிடுதேன்ல. உன் பொண்டாட்டிக்கும் சங்கடம் இல்ல."

என் மனைவிக்கு என்ன சங்கடம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

லேபிளுக்கு அவளே வாசகம் வைத்திருந்தாள்: "சுத்தமான தேங்காய் எண்ணெய் சோப்பு." அதில் பிழை இருப்பதாக நான் சொன்னேன். எண்ணெயும் காரமும் சேர்ந்தபின் அங்கே எண்ணெய் ஏது? முடிந்த சரக்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அறிவிக்கவேண்டும், அதுதான் முறை. அப்படி ஒரு முறையை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. என் முறைகளில் பெரும்பாலானவை யாரும் கேட்காதவைதான். அலுவலகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதத் தொடங்கியிருந்த நாட்கள். புதுக் கலைச்சொல் ஒன்று கிடைத்தால் எனக்கு அன்று சாப்பாடு வேண்டாம். எழுதினேன்:

"உயர்ந்த கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பு. கலப்படம் அற்றது."

தேங்காய் எண்ணெயிலிருந்து வருவதற்கும் ரசாயனத்தில் கொழுப்பு அமிலம் என்றுதான் பெயர். ரசாயனப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இன்றைக்கும் சொல்ல முடியாது. அக்கா ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"கொழுப்புன்னு வருதேலே."

"அமிலம்னு அடுத்தாப்ல இருக்கு பாரு. அது வேற, இது வேற."

"எனக்கு வேறதான். படிக்கவங்களுக்கு?"

படிக்கிறவர்களுக்குப் படிப்பு இருக்கும் என்றேன். ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் வெள்ளையுமான தாள் எடுத்து, அச்சகத்தில் உட்கார்ந்து மூன்று முறை புரூப் திருத்தினேன். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

ஆனியில் சரக்குப் போயிற்று. சாரலும் பிடித்தது. இரண்டு வாரத்துக்குள் அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். இன்னும் சோப்புக் கேட்கிறார் போலிருக்கிறது, வரும்போது எண்ணெய் வாங்கி வரலாம் என்று அவள் வெறும் கூடையோடு வந்திருந்தாள். எத்தனை கட்டி வேண்டும் என்று ஆர்டர் எழுதிக்கொள்ள நான் பேனாவோடு போயிருந்தேன்.

கடையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிலர் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு என்னைத் தெரியும், அலுவலகத்துக்கு வந்துபோகிறவர். அண்ணாச்சி எங்கள் சோப்பை ஒரு பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"சார்வாள், சரக்குல ஒரு குத்தமும் கெடையாது. நானே தேய்ச்சுக் குளிக்கேன். ஆனா இதப் படிக்காவளே," என்று மஞ்சள் தாளை நீட்டினார். "முந்தாநாள் சுந்தரபாண்டியபுரத்துலேருந்து ஒரு வீட்டாளுக வந்தாவ. பெரியம்மா பாதி தேய்ச்சுக்கிட்டு அருவியில நிக்கா, மருமக கரையில நின்னு காகிதத்தப் படிக்கா. கொழுப்புங்கிற வார்த்த காதுல விழுந்ததும் பெரியம்மா சோப்ப அங்கனயே போட்டுட்டா. பெறவு அருவிய விட்டு வெளியவே வரமாட்டேங்கா. அதுவும் சாதாக் கொழுப்பு இல்ல, உயர்ந்த கொழுப்பாம்."

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைத் தெரிந்தவரும் சிரித்தார். அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத எழுதினது யாரு? எவனுக்கோ கொழுப்பு கூடிப்போச்சு."

அமிலம் என்றால் என்ன, உப்பு என்றால் என்ன என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம், "நான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. "வீட்டுல பொம்பளைங்க எதையோ பாத்து எழுதியிருக்காங்க. நான் கவனிக்கல," என்றேன். பேனா சட்டைப் பையில் இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள். "தெரியாம எழுதிப்புட்டேன்."

பிறகு பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தாளை உரித்தாள். ஒரு மூலையைக் கிள்ளினாள். அவள் கை வாய்க்குப் போவதற்குள் அண்ணாச்சி குறுக்கிட்டார். அவர் குரலில் கேலி இல்லை.

"வேண்டாம்மா. இனிமே நீ நாக்குல வச்சாலும் நம்பமாட்டாவ. கொழுப்ப நாக்குல வச்சவள்னுதான் சொல்லுவாவ."

திரும்பும்போது பஸ்ஸில், திருப்பித் தந்த சோப்போடு கூடை அவள் மடியில் கனத்தது. மேலகரம் வந்து இறங்கும் சமயத்தில் ஒன்று மட்டும் சொன்னாள்: "அந்த ரூமுக்கு வேற ஆளு வந்தா குடுத்துரச் சொல்லு."

அண்ணாச்சி சொன்னதுதான் நடந்தது. ஆவணியில் கோயிலில் எங்கள் கட்டளை வந்தபோது, பந்திக்குக் காய் நறுக்க உட்கார்ந்த அக்காவின் முன்னாலிருந்து ஒரு பெண் அரிவாள்மணையை மெல்ல நகர்த்திக்கொண்டாள். அக்கா எழுந்து, செருப்புப் போட்ட இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். பிழைதிருத்தம் என்று ஒன்று உண்டு. அதை எப்படி எழுதவேண்டும், எங்கே ஒட்டவேண்டும், யாருக்கெல்லாம் நகல் அனுப்பவேண்டும் என்று அலுவலகத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். அன்று அந்தப் பெண்கள் நடுவில் போய் நின்று, எழுதியது நான் என்று சொல்ல எனக்கு ஒரு நகலும் தேவைப்பட்டிருக்காது. நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சோப்பை விட்டுவிட்டு மெழுகுவர்த்திக்கு மாறினாள். தென்காசிக் கடைகளுக்கும், குற்றாலத்துப் பங்களாக்களுக்கும், மாதா கோயில் தெருவுக்கும் போயிற்று. மெழுகு வெயிலில் வளையாமல் இருக்க ஸ்டியரின் என்று ஒரு வெள்ளைப் பொருளைச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுப்பது. மெழுகுவர்த்தி வாங்குகிறவர்கள் யாரும் சைவமா என்று கேட்கவில்லை. அக்காவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். படித்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டது அப்போதுதான், அதுவும் அவள் சோப்புக்குப் பிரயோசனப்படாத காலத்தில்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், மழை கட்டி அலுவலகம் இருண்டது. கரண்ட் போயிற்று. பியூன் கடைக்கு ஓடி ஒரு சுருள் மெழுகுவர்த்தி வாங்கிவந்து என் மேஜையில் வைத்து, "உங்க அக்கா திரிதான் சார், நின்னு எரியும்," என்றான். வெள்ளைக் காகிதச் சுருள். பிரித்தேன். உட்பக்கம் மஞ்சளாக இருந்தது. உயர்ந்த கொழுப்பு அமிலங்களின். பக்கத்து மேஜைக்காரர் என்ன காகிதம் என்று எட்டிப் பார்த்தார். பழைய நோட்டீஸ் என்று சொல்லி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து அவளிடம் காட்டி, இந்தத் தாளையா சுற்றுகிறாய் என்றேன். அதட்டுகிற குரலில் கேட்கத்தான் வந்தது. அவள் திரியை அச்சில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காகிதம்லா, வீணாக்கணுமா," என்றாள். "எழுத்து உள்ளுக்குப் போறாப்லதான் சுத்துதேன். வெளிய ஒண்ணும் தெரியாது, நீ பயப்படாத."