சீசன் முடியும்வரை ஓர் ஆவி

முதலாளி அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது பெட்டி நிறையப் பேய்களைக் கொண்டுவந்தார். வசந்தகால விடுமுறை முழுக்க அவரும் மனைவியும் பேய் உலவும் விடுதிகளாகத் தேடித் தேடிப் படுத்தெழும்பியிருந்தார்கள். நாங்கள் காலைச் சாப்பாட்டு மண்டபத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ஒரு விடுதியில் வெள்ளைக் கவுன் போட்ட மணமகள். இன்னொன்றில் தங்கம் தோண்டப் போய்ச் செத்தவன். வேறொன்றில் தாழ்வாரத்தில் பந்து உருட்டும் சிறுமி. எல்லாமே ஒழுங்கான பேய்கள். அறை எண் இருக்கிறது, வரும் நேரம் இருக்கிறது, வாசலில் பித்தளைத் தகடு இருக்கிறது, கீழே கடையில் அதன் படம் போட்ட கோப்பை விற்கிறது. விடியும்வரை போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தவனுக்குப் பான்கேக்கும் அதன் மேல் ஊற்றும் பாணியும் வாடகைக்குள் அடக்கம்.

நான் பிறந்த நாட்டில் இறந்தவர்கள் அறை எண் இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களோடு ஓர் இரவு தங்க யாரும் முன்பதிவு செய்ததில்லை. துடைக்கிற மேசையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன், அவ்வளவுதான்.

நான் கவிதை வரிகளை உடைத்து உடைத்து எழுதுகிறவன். வேலைகளையும் அப்படியே உடைத்துக்கொண்டு வந்தவன். இந்த நாட்டுக்கு வந்து முதலில் சூக் நகரத்தில் கண்ணாடிக் கட்டடங்களின் கழிவறைகள், எங்கள் ஆட்கள் நிறைந்த ஓர்லிகோனில் ஒரு பேக்கரியின் பின்புறம், பிறகு இந்த மலை, இந்த ஹோட்டல், இந்தக் காலைச் சாப்பாட்டு மண்டபம். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய சிகரம் ஒன்று நாள் முழுக்க அசையாமல் நிற்கும். எனக்கு அதுவே போதுமான பயம்.

முதலாளிக்குப் போதவில்லை. பேயை நம்புவதில்லை என்பார், ஆனாலும் அவருக்கு ஒரு பேய் வேண்டும். முதலில் மலை ஏறப்போய்த் தவறி விழுந்த ஓர் ஆங்கிலச் சீமாட்டியைத் தானே உண்டாக்கினார். தாழ்வாரத்தில் அவள் படம் என்று பழைய சந்தையில் வாங்கிய யாரோ ஒருத்தியின் படத்தை மாட்டினார். விருந்தாளிகள் அதைக் கடந்து சோனா நீராவிக் குளியலுக்குப் போனார்கள். சீமாட்டி ஒருவரையும் பயமுறுத்தவில்லை. அப்போதுதான் சமையற்காரன் வாயைத் திறந்தான்.

"மேல்மாடி அறையில உண்மையாவே ஒருத்தன் செத்தவன்தானே."

செத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிட்டவர். குசினியில் சட்டிபானை கழுவியவர். நான் இங்கே வரும்போதே நரைத்துப்போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாலை வேலை தொடங்கும்வரை ஹோட்டல் வேலைக்காரருக்கு ஓர் இடைவேளை உண்டு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்த இடைவேளையில் கூரைக்குக் கீழே இருந்த தன் அறைக்கு ஏறிப்போய்ப் படுத்தவர் மாலைக்கு இறங்கி வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. செய்தி கேட்டு முதலாளி முதலில் கேட்டது, இண்டைக்குச் சட்டி கழுவ ஆர் என்று. அதற்கு முன்பும் அண்ணையிடம் அவர் சொல்லும் வசனம் ஒன்றுதான். ஊரில் தாய் செத்தபோது லீவு கேட்டு நின்ற மனுசனுக்கும் அதையேதான் சொன்னார்: சீசன் முடியட்டும். சீசன் முடிந்து அண்ணை போனபோது தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்திருந்தது.

இப்போது அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை வந்தது. வாசலில் பித்தளைத் தகடு வந்தது: அமைதியான மனிதனின் அறை. கிழக்கிலிருந்து வந்து, வீடு திரும்ப வழி தெரியாமல் இன்னும் உலவுகிறானாம். உயிரோடு இருந்தபோது அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் செத்த பிறகு அவருடைய மனதுக்குள் இருப்பதை மூன்று மொழியில் எழுதி வைத்தார்கள்.

அமெரிக்கர்கள் வந்தார்கள். தங்கள் நாட்டில் பேய்கள் தீர்ந்துவிட்டன போல. கையில் மினுங்கும் சின்னப் பெட்டிகள். ஆவி கிட்ட வந்தால் அது கத்துமாம். காலையில் முட்டையைக் குத்திக்கொண்டே என்னிடம் சொல்வார்கள், விடிய முதல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, யாரோ எதையோ கழுவுவது போல என்று. அது வெப்பமூட்டும் குழாய். மேல்மாடியில் படுத்த எல்லோருக்கும் தெரியும். நான் கோப்பியை ஊற்றிவிட்டு நகர்வேன்.

அண்ணையின் மனைவி அதே ஹோட்டலில், நிலவறைச் சலவைக்கூடத்தில் வேலை. நான் அக்கா என்பேன். இருவரும் அந்த மேல்மாடி அறையிலேயே குடியிருந்தவர்கள். அவர் போன பிறகு அக்கா கீழே கிராமத்தில் ஓர் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார். மேலே நடக்கும் கூத்து அவருக்குத் தெரியாது. தகடு தொங்கும் மாடிக்கு அவர் ஏறுவதில்லை. அந்தக் கட்டிலின் விரிப்புகள் மட்டும் அவரிடம் இறங்கி வரும். தோய்த்து, அழுத்தி, மடித்து மேலே அனுப்புவார்.

அக்காவுக்கு அதைச் சொன்னது ஓர்லிகோன். அங்கே எங்கள் ஆட்களின் சாமான்கடை ஒன்றில் நின்ற யாரோ இணையத்தில் பார்த்து யாருக்கோ காட்டி, கடைசியில் அக்காவின் கைபேசி அடித்தது. அண்ணை உயிரோடு இருந்தபோது ஒருநாளும் எடுத்துக் கதைக்காதவர்கள் வரிசையாக எடுத்தார்கள்.

"உண்மையே பிள்ளை, அந்தாள் அலையுதாம்? அந்தியேட்டி வடிவாச் செய்தனீங்களோ?"

எங்கள் ஆட்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் சிகரத்தின் பனி உருகிவிடும். அமெரிக்கருக்குப் பேய் பொழுதுபோக்கு. எங்களுக்கு அது பழி. ஒருவர் ஆவியாக அலைகிறார் என்றால் அவருக்குச் செய்யவேண்டியதை வீட்டுக்காரர் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் அக்கா ஏப்ரனோடு காலைச் சாப்பாட்டு மண்டப வாசலில் வந்து நின்றார். அழுது முடித்த முகம்.

"தம்பி, அந்த அறையில இருக்கிற ஆளைக் கேட்டுச் சொல்லும். என்ன கேட்டதாம்?"

"அக்கா, இவங்கள் விசரர். விடுங்கோ."

"கேளுமன்."

கேட்டேன். பேஸ்போல் தொப்பி போட்ட அந்த மனிதர் மகிழ்ந்துபோனார். தண்ணீர், என்றார். பாத்திரம். ஒரு பெருமூச்சும். பெருமூச்சு அவருடைய மனைவியினுடையதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"தண்ணிச் சத்தமாம்," என்றேன். "அது ஹீட்டிங் பைப் அக்கா."

"உமக்கு எல்லாம் பைப்தான்." அவர் ஏப்ரன் நுனியைத் திருகினார். "பாதிச் சாம்பலை இஞ்சை ஆறே ஆத்தில கரைச்சு, பாதியை ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் குடுத்துவிட்டனான். ரெண்டாப் பிரிச்சது பிழையாப் போச்சோ? மனுசன் எந்தப் பக்கம் போறதெண்டு தெரியாம இஞ்சையே நிக்குதோ?"

அந்தக் கேள்விக்கு முன்னால் பித்தளைத் தகடு எவ்வளவு மலிவான பொருள் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா பேர்ண் நகரத்தில் இருக்கும் ஐயருக்குக் கைபேசியில் எடுத்தார். அறையில் ஒரு சாந்தி செய்து, வாசலில் நீற்றுப்பூசணிக்காய் வெட்டினால் மனம் ஆறும் என்று அவர் சொன்னாராம். அதற்கு அறை ஒரு மத்தியானம் வேண்டும். முதலாளியைக் கேட்கவேண்டும். மொழிபெயர்க்க நான்.

முதலாளி சலவைக்கூடத்துக்கே இறங்கி வந்தார். நான் விளக்கினேன். அவருடைய முகம், குளிர்சாதன அறையின் மின்சாரம் போய்விட்டது என்று சொன்னால் மாறுவது போல மாறியது.

"சடங்கு செய்தா அவர் போயிடுவாரா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் செய்யிறது."

"இல்லை, இப்ப வேண்டாம். ஆட்கள் பதிஞ்சு வைச்சிருக்கினம்."

"நீங்கள் பேயை நம்பிறேல்லை எண்டு சொன்னனீங்கள்," என்றேன் நான்.

"நம்பிறேல்லை," என்றார். "ஆனா வீணா ஏன்?" பிறகு அக்காவின் தோளைத் தட்டப்போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, அந்த வசனத்தைச் சொன்னார். "சீசன் முடியட்டும்."

இதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. இந்த நாட்டு மொழியில் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த வசனம் அது.

அக்காவின் கையில் ஒரு விரிப்பு பாதி மடித்தபடி இருந்தது. நுனியோடு நுனி வைத்து அதை முழுதாக மடித்தார். அடுக்கின் மேல் வைத்தார். ஏப்ரனைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

"அப்ப சாகமுதலும் சீசன், செத்தாப்பிறகும் சீசன்," என்றார் என்னிடம். "அவருக்கு லீவு குடுக்க இவர் ஆர்?"

"அக்கா, ஐயர் வரட்டும்."

"ஐயர் ஏன்? என்ரை மனுசனை எழுப்பிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு நாளும் எழுப்பினனான்."

ஏறினார். வேலைக்காரருக்கான இடுக்குப் படிக்கட்டால் அல்ல, சிவப்புக் கம்பளம் விரித்த பெரிய படிக்கட்டால். நான் பின்னால் போனேன். முதலாளி என் பின்னால் வந்தவர், வரவேற்பறையில் இரண்டு விருந்தாளிகளைக் கண்டு சிரிப்பதற்காக நின்றுவிட்டார்.

அக்கா அறைக் கதவைத் தட்டினார். தொப்பிக்காரர் தன் மினுங்கும் பெட்டியும் கையுமாகத் திறந்தார். பெட்டி சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்த்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அக்கா அவரைத் தாண்டிப் போய்க் கட்டிலின் ஜன்னல் பக்கத்தில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இஞ்சேருங்கோ. எழும்புங்கோ, வேலை முடிஞ்சுது. சப்பாத்தைப் போடுங்கோ, வெளியில ஈரம். இனி ஒருத்தரும் உங்களைக் கூப்பிடமாட்டினம். வாங்கோ, போவம்."

கொஞ்ச நேரம் நின்றார். சப்பாத்துக் கயிறு கட்ட ஒருவருக்கு எடுக்கும் நேரம். பிறகு திரும்பி நடந்தார். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். அண்ணைக்கு வலது முழங்கால் மடங்காது, பக்கவாட்டாகத்தான் இறங்குவார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தொப்பிக்காரர் கைபேசியில் படம் பிடித்தபடி வந்தார். நான் அவருடைய கைபேசியின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அவர் ஏனோ மன்னிப்புக் கேட்டார்.

முன்வாசலில் முதலாளி நின்றார். அது பழைய ஓக் மரக் கதவு, பாரமானது, விருந்தாளிகளுக்கு மட்டும் திறப்பது. அக்கா அதை இரண்டு கையாலும் இழுத்து, தோளால் தாங்கி, தான் வெளியேறாமல் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர் உள்ளே வந்தது. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பிறகு ஒதுங்கினார். பேயை நம்பாத மனிதர், முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருவர் கடந்து போவதற்கு இடம் விட்டார். தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகே அக்கா வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது பேர்ணில், பூம்ப்ளிஸ் பக்கம், மகன் வீட்டில் இருக்கிறார். தகடு இன்னும் தொங்குகிறது. அந்த மலையில் ஒருவருக்கும் வெட்கம் இல்லை. நானும் அந்த வேலையை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். போவதற்கு முன் ஒருநாள் அக்காவுக்கு எடுத்தேன். புதிதாக வந்த அமெரிக்கர்களும் தண்ணீர்ச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள் என்றேன். மறுமுனையில் ஏதோ பொரியும் சத்தம். அகப்பையைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அது ஹீட்டிங் பைப் தம்பி."